கடுகு முளைத்த சிரட்டை

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலிப் பக்கம், சபை நடத்துகிற ஒரு பாலர் பள்ளியில் பல வருஷம் எல்.கே.ஜி. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழும்பியவள் நான். என் முழங்கால் வலியே அதற்குச் சாட்சி. கிறிஸ்தவ பாலர் பள்ளியில் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஜெபம், பாட்டு, வசனம் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடலாம். பெற்றோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், ஆண்டு விழா மேடையில் பிள்ளை மைக்கைப் பிடித்து ஒரு வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டால் கட்டின ஃபீஸ் வசூலான மாதிரி.

எனக்கு அந்த ஒப்பித்தலில் பெரிய நம்பிக்கை கிடையாது. 23ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று வகுப்பே கணீரென்று சொல்லும். ஒருநாள் மேய்ப்பர் என்றால் யார் என்று கேட்டேன். “நம்ம சர்ச் ஐயர், டீச்சர்” என்றான் ஒருவன். அவனைத் தப்பு சொல்ல முடியாது, சபையில் போதகரை மேய்ப்பர் என்றுதானே சொல்கிறோம். சரி என்று மறுநாள் காலையில் எல்லாரையும் கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த நேரத்துக்கு ஓர் ஆட்டுக்காரர் அந்த வழியாகப் போவார், ஒரு கையில் தூக்குவாளி, தோளில் தொரட்டி. அன்றைக்கு அவர் கக்கத்தில் ஒரு குட்டி இருந்தது. ஏன் அதை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். “நேத்துதான் பெறந்துச்சு, நடக்க முடியாதுல்லா” என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். அவர் எங்கள் சபைக்காரர் கூட இல்லை. நான் பத்து நாள் விளக்கியிருந்தாலும் அந்த அளவுக்குப் புரிய வைத்திருக்க மாட்டேன்.

“விளையாட விட்டு அனுப்புறீங்க, எழுதவே வைக்க மாட்டேங்கிறீங்களே” என்ற புகார் எங்களுக்குப் புதிதில்லை. இந்தச் சண்டை கிண்டர்கார்டன் பிறந்த இடத்திலேயே இருந்தது. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் என்பவர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் ஆரம்பித்தார், 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். நூல் சுற்றிய வண்ணப் பந்துகள், மர உருண்டை, கனசதுரம், உருளை, இவைதான் அவருடைய பாடப் பொருட்கள். அவர் ஒரு பாதிரியாரின் மகன், பக்திமான். ஆனால் 1851இல் ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசாங்கம் இது நாத்திகம் பரப்புகிற இடம் என்று சொல்லித் தடை போட்டுவிட்டது! சோஷலிசம் பேசிக்கொண்டிருந்த அவருடைய அண்ணன் மகனையும் இவரையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். மனிதர் அடுத்த வருஷமே இறந்துபோனார், தடை நீங்கியது 1860இல்தான். பிள்ளைகள் விளையாடினால் பக்தி போய்விடும் என்கிற பயம் அவ்வளவு பழசு.

எங்கள் வகுப்பில் மணல் தட்டு உண்டு. ‘அ’வும் ‘ஆ’வும் விரலால் அதில்தான் முதலில் எழுதுவார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரும், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் எழுத்துப் பழகினார் என்பார்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, அவ்வளவு பெரிய ஆளுக்கு ‘அ’ தெரியாதா என்று.

மிருகங்கள் ஜோடி ஜோடியாகக் கப்பலில் ஏறின நோவாவின் பேழைக் கதைக்கு நாங்கள் செருப்பை வைத்து விளையாடுவோம். வாசலில் குவிந்து கிடப்பதையெல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாகக் கப்பலுக்குள் அனுப்ப வேண்டும். கணக்குக்குக் கணக்கு, வராந்தாவும் சுத்தம். ஒருநாள் ஒற்றைச் செருப்பு ஒன்று மிஞ்சிவிட்டது, மற்றதை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அதை ஏற்றலாமா கூடாதா என்று பெரிய வழக்கு. கடைசியில் ஒருத்தி, “அது யானை டீச்சர், ரெண்டு வந்தா எடம் பத்தாது” என்று தீர்ப்புச் சொன்னாள்.

தப்பும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில், சேட்டை செய்தால் இயேசப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறார், அடிப்பார் என்று மிரட்டி வைத்திருந்தேன், என் டீச்சர்கள் என்னை மிரட்டினது போலத்தான். ஒருநாள் டவுசரிலேயே ஒன்றுக்குப் போய்விட்ட ஒரு பையனைக் காணோம். தேடினால், சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தின் கண்ணுக்குத் தப்புகிற மூலையாகப் பார்த்து, பீரோவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கு விட்டதுதான் அந்தப் பேச்சு.

மத்தியானம் கடைசி டிபன் பாக்ஸ் திறக்கிற வரைக்கும் யாரும் சாப்பிடக் கூடாது, அப்புறம்தான் ஜெபம். நாலு வயசுக்கு அந்த இரண்டு நிமிஷம் பெரிய தவம். பாதிப் பிள்ளைகள் வேறு மதத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள், அவர்களும் அவரவருக்குத் தெரிந்த மாதிரி கண்ணை மூடிக் காத்திருப்பார்கள்.

சின்னக் கடுகு விதை மரமாகிப் பறவைகள் வந்து தங்கும் என்று இயேசு சொன்ன உவமையைச் சொல்கிற வாரம், சிரட்டையில் ஈரப் பஞ்சு வைத்து ஆளுக்குப் பத்துக் கடுகு போடச் சொல்வேன். இரண்டு மூன்று நாளில் முளை விட்டுவிடும். இது மரமாகுமா, குருவி வருமா என்று கேட்டார்கள். நம்ம ஊர்க் கடுகு இடுப்பளவு செடிதான், குருவிக்குக் கொஞ்சம் கஷ்டம் என்று உள்ளதைச் சொன்னேன். ஒரு குட்டிப் பெண் மட்டும் ஒன்றும் பேசாமல் சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் அம்மா வாசலில் வந்து நிற்கிறார்.

“டீச்சர், என்ன சொல்லிக்கொடுத்தீங்க? அது உசுரோட இருக்கும்மா, எண்ணெயில போடாதன்னு நேத்திலிருந்து தாளிக்கவே விட மாட்டேங்கா.”

அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸில் தோசையும் தாளிக்காத சட்னியும் இருந்தன. நன்றி, வணக்கம்.