கொடைக்கானல் பாதரசம்: 20 மில்லிகிராம் என்றால் எவ்வளவு?

வணக்கம் மக்களே. கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் ரோட்டில் நிற்கிறேன். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிகிற சுவருக்கு அந்தப் பக்கம்தான் பழைய தெர்மாமீட்டர் கம்பெனி. மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் டாக்ஸிக்காரரிடம் அந்தப் பேரைச் சொன்னால் போதும், வேறு எதுவும் கேட்காமல் கொண்டுவந்து விடுவார். உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை. அதனால் ரோட்டிலேயே நின்று பேசுகிறேன்.

போன வீடியோவில் ஈரோடு, திருப்பூர் பக்கம் மூடிக் கிடக்கிற சாய ஆலைகளைப் பற்றிப் பேசியிருந்தேன். அதற்குக் கீழே நிறையப் பேர் கேட்ட கேள்வி இது: "கொடைக்கானலில் பாதரசத்தைச் சுத்தம் பண்ணிவிட்டார்களா?" ஆம், இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம்தான். ஆனால் சுத்தம் என்பது எவ்வளவு என்று யாரோ ஒருவர் ஒரு எண்ணை எழுதுகிறார், அந்த எண்ணுக்குக் கீழே வந்துவிட்டால் சுத்தம். சண்டை முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது.

முன்கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்று ஒரு ஊர். அங்கே இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1980களின் தொடக்கத்தில் செஸ்ப்ரோ பாண்ட்ஸ் இங்கே கொண்டுவந்தது. பாண்ட்ஸ் பவுடர் போடுவோமே, அந்த பாண்ட்ஸ்தான். பிறகு யூனிலீவர் அந்தக் கம்பெனியை வாங்கியதில் இது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வரும், செய்து முடித்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே திரும்பிப் போகும். உடைந்ததும் சிந்தியதும் மட்டும் நம் மலைக்கு.

2001 மார்ச்சில்தான் விஷயம் வெளியே வந்தது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடை. கிழிந்த சாக்குகளில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி, மொத்தம் 7.4 டன். அதில் பாதரசம் ஒட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடம். பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் ஊர்க்காரர்களும் சேர்ந்து போராட்டத்தில் இறங்கிய அதே மாதம் உற்பத்தி நின்றது. அப்புறம் 2003ல் உடைந்த கண்ணாடி, பாதி செய்த தெர்மாமீட்டர், கழிவுச் சேறு எல்லாமாகச் சுமார் 290 டன்னைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். பென்சில்வேனியாவில் பாதரசத்தைப் பிரித்தெடுக்கிற ஆலைக்கு. பணக்கார நாட்டுக் கழிவு நம் துறைமுகத்தில் வந்து இறங்குவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இது எதிர்த்திசையில் போனது. அந்த ஒரு விஷயத்தில் ஊர் ஜெயித்தது என்றே சொல்வேன்.

ஆனால் மூட்டை கட்ட முடிந்ததைத்தான் கப்பலில் ஏற்ற முடியும். மண்ணுக்குள் போனதை?

சரி, இதைப் பாருங்கள். என் அத்தை வீட்டு பீரோவில் கிடந்த பழைய தெர்மாமீட்டர். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். கண்ணாடிக்கு நடுவில் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளிக் கோடு, நுனியில் சின்னக் குமிழ். இதற்குள் இருக்கும் பாதரசம் அரை கிராமிலிருந்து ஒரு கிராமுக்குள். தண்ணீரைப் போல பதின்மூன்று மடங்குக்கு மேல் கனம், அதனால் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது. கீழே விழுந்து உடைந்தால் மணி மணியாக உருண்டு ஓடும். சின்ன வயதில் அதைக் கையில் வைத்து விளையாடியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். தோலில் பட்டதை விட மோசமானது மூச்சில் போவது. சாதாரண அறை வெப்பத்திலேயே இது ஆவியாகும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. மூச்சில் போன பாதரச ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு உடம்பிலேயே தங்கிவிடும். நரம்பும் சிறுநீரகமும்தான் முதலில் அடி வாங்கும்.

இப்போது மண்ணைச் சுத்தம் செய்கிற முறை. தொழிற்சாலை வளாகத்துக்கு ஒப்புதல் கிடைத்த முறையில் இரண்டு கட்டம். மண்ணைத் தோண்டி எடுத்து முதலில் கழுவுவார்கள். அரிசி களையும்போது தவிடு கழுநீரோடு போய், அரிசி அடியில் நிற்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதேதான். பாதரசம் பெரும்பாலும் மாவு போன்ற நுண்ணிய மண்ணில் ஒட்டிக்கொள்ளும். கல்லும் மணலும் அவ்வளவாகப் பிடித்து வைக்காது. அதனால் கழுவிச் சலித்தால் கெட்ட பங்கு தனியாக வந்துவிடும், மொத்த மண்ணையும் சூடாக்க வேண்டிய வேலை மிச்சம். அந்த நுண்ணிய பங்கை மூடிய கலனில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, சூடேற்றுவார்கள். பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் குறைந்தால் அதற்கு முன்பே ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் குளிரவைத்துத் திரும்பவும் திரவமாகப் பிடித்துவிடலாம். மிச்சமிருக்கும் மண்ணைச் சோதித்துப் பார்த்து, அளவுக்குக் கீழே இருந்தால் அதே இடத்தில் கொட்டி நிரப்புவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பாதரசத்தை யாரும் அழிக்கவில்லை. அது ஒரு தனிமம், எரித்தாலும் போகாது, புதைத்தாலும் மக்காது. மண்ணிலிருந்து குப்பிக்கு இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

எந்த அளவுக்குக் கீழே? அங்கேதான் அந்த எண் வருகிறது. முதலில் பேசப்பட்டது ஒரு கிலோ மண்ணுக்கு 10 மில்லிகிராம். பிறகு அது 20 ஆனது. நாக்பூரில் இருக்கும் நீரி, அதாவது மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்தது, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது, பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போயும் 20 தான் நின்றது. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் ஒரு டன்னுக்கு 20 கிராம். அதாவது ஒரு டன் மண்ணில் இந்த மாதிரி இருபது தெர்மாமீட்டருக்குக் குறையாமல் உடைத்து ஊற்றிக் கலந்தாலும், தாளில் அது சுத்தமான மண். கேட்கும்போது கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. போராட்டக்காரர்கள் பிரிட்டனைக் காட்டினார்கள். அங்கே 2009ல் வந்த வழிகாட்டுதலில் குடியிருப்பு மண்ணில் உலோகப் பாதரசத்துக்கு ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதே பட்டியலில் உப்பாக மாறிவிட்ட கனிமப் பாதரசத்துக்கு 170. எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் எங்கெங்கோ போகிறது. அப்புறம் இந்தச் சரிவு. எண்ணைக் குறைக்கக் குறைக்க இன்னும் அகலமாக, இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மரங்களை வெட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் திறந்த மண் நேராகக் காட்டுக்குள் இறங்கும். கம்பெனி தரப்பு இதைத்தான் சொன்னது. அவர்கள் சொன்னார்கள் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. மலையில் வீடு கட்ட ஜேசிபி விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு மழைக்கு எவ்வளவு மண் போகும் என்று.

என் எரிச்சல் வேறு. இவ்வளவு வருஷச் சண்டையும் சுவருக்கு உள்ளே இருக்கிற மண்ணைப் பற்றி. சுவருக்கு வெளியே வாருங்கள். இதோ, இப்படியே சரிவில் இறங்கினால் பாம்பார் சோலை. சோலைக்காடு என்றால் பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிற காடு என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லப் போவதில்லை. இந்த மரத்தைப் பாருங்கள். பட்டை முழுக்கப் பச்சைப் பாசி, நடுவில் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கிறதே, குழம்புக்குப் போடும் கல்பாசியின் சொந்தக்காரன். இவற்றுக்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவருவதைத்தான் உடம்பெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இங்கே வந்தால் முதலில் பாசியைச் சுரண்டி எடுத்துப் போகிறார்கள்.

2006ல் ஹைதராபாத் ஆய்வக விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் பேரிஜம், கூக்கால் ஏரிகளை விடப் பாதரசம் தெளிவாகக் கூடுதல். ஏரி மீனிலும் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறியதுதான் காரணம் என்று எழுதினார்கள். ஏரியின் அடிச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் ஏறும், சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனில் இன்னும் கூடும். தொழிற்சாலை மண்ணைக் கழுவினால் இந்தச் சேறு சுத்தமாகிவிடாது.

இந்தச் சோலை வழியாக ஓடும் பாம்பாற்றுத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? வட்டக்கானல் பக்கம் ஒரு அருவி, ஊரில் லிரில் அருவி என்பார்கள். 1970களில் லிரில் சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண் குளிப்பாரே, அங்கே எடுத்ததுதான். அந்த சோப்பும் இந்துஸ்தான் லீவருடையது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்து இறங்கி, பெரியகுளத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகும் கும்பக்கரை. அப்புறம் வைகைப் பக்கம்.

தொழிலாளர்களைப் பற்றித் தனி வீடியோ போட வேண்டும். இப்போதைக்கு இது மட்டும்: உடம்பு கெட்டதற்கு இழப்பீடு கேட்டு 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பங்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. கருணைத் தொகை என்றுதான் கொடுத்தது. நடுவில் பத்து வருஷம்.

என்னைக் கேட்டால், 20ஆ 1ஆ என்பதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பாம்பாற்றில் நாலைந்து இடத்தில் அடிச் சேறு, ஏரியில் மீன், சோலையில் பாசி. வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை எடுத்துச் சோதிக்க வேண்டும். வந்த எண்ணைத் தமிழில் எழுதி கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலும் கும்பக்கரை டிக்கெட் கவுன்டரிலும் போர்டு வைக்க வேண்டும். செலவைக் கம்பெனி கொடுக்கட்டும், சோதனையை வேறு ஆட்கள் செய்யட்டும். எண் குறைந்துகொண்டே வந்தால் 20 போதும் என்று நானே வந்து ஒத்துக்கொள்கிறேன். ஏறினால் திரும்பத் தோண்டுவதைப் பற்றிப் பேசலாம்.

கமென்ட்டில் வந்த மற்ற கேள்வி: வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் என்ன செய்வது? முதலில் ஜன்னலைத் திறங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். விளக்குமாறு வேண்டாம், வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது, அது ஆவியை வீடு முழுக்கப் பரப்பும். தடித்த அட்டையால் மணிகளை ஒன்றாகத் தள்ளி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக்கி மூடுங்கள். சிங்க்கில் ஊற்றாதீர்கள். 2016ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டு அபாயக் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதைத் தனியாக வாங்கிக்கொள்ள உள்ளாட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் ஊரில் அப்படி வாங்கிக்கொள்கிறார்களா? ஊர்ப் பேரோடு கீழே எழுதுங்கள், பட்டியல் போட்டு அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.