பிஇசட்டி படலம்: அணு எந்தப் பக்கம் சாய்கிறது?

[திரையில்: ஒரு கனசதுரக் கூடு. மூலைகளில் ஈயம், முகங்களின் நடுவில் ஆக்சிஜன், மையத்தில் டைட்டானியம்.]

அழுத்தினால் மின்னூட்டம் வரும், மின்னழுத்தம் கொடுத்தால் பொருள் அசையும். பீசோஎலக்ட்ரிக் என்றால் இதுதான். பிஇசட்டி (PZT) அப்படியொரு பொருள்: ஈய டைட்டனேட்டில் சிர்க்கோனியம் கலந்தது. இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம், நேராக அணுவுக்குள் போய்விடலாம்.

நீங்கள் பார்ப்பது சிர்க்கோனியம் கலக்காத ஈய டைட்டனேட். சுமார் 490 டிகிரி செல்சியஸுக்கு மேலே இது கச்சிதமான கனசதுரம். அப்போது எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் வராது, ஏனென்றால் நேர் மின்னூட்டத்தின் மையமும் எதிர் மின்னூட்டத்தின் மையமும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆறவிட்டால் டைட்டானியம் ஓர் ஆக்சிஜனை நோக்கி நகர்கிறது, அதைவிட அதிகமாக ஈயம் நகர்கிறது (எல்லாப் படங்களிலும் டைட்டானியத்துக்கே அம்புக்குறி போடுவதால் பாவம், ஈயத்துக்குப் பெயர் கிடைப்பதில்லை). நகர்வு அரை ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை (ஆங்ஸ்ட்ராம் என்றால் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). ஆனால் கூட்டின் உயரம் அகலத்தைவிட 6 சதவீதம் கூடிவிடுகிறது.

இவ்வளவு நகர்ந்தும் ஈய டைட்டனேட் சுமாரான பீசோதான். அணுக்கள் ஒரே திசையில் ஆழமாக உட்கார்ந்துவிட்டன, லேசில் திரும்பாது.

[திரையில்: டைட்டானியம் இருந்த சில இடங்களில் பெரிய சிர்க்கோனியம் அணுக்கள்.]

அப்புறம் சிர்க்கோனியம் கலக்கிறோம். இது டைட்டானியத்தைவிடப் பெரிய அயனி, அதிகம் சேர்த்தால் நகர்வின் திசையே மாறி, கூட்டின் மூலைவிட்டத்தின் வழியே போகிறது. டைட்டானியம் அதிகம் என்றால் முகம் பார்த்த 6 திசைகள், சிர்க்கோனியம் அதிகம் என்றால் மூலை பார்த்த 8 திசைகள். சிர்க்கோனியம் 52, டைட்டானியம் 48 என்ற விகிதத்தை ஒட்டித்தான் இரண்டுக்கும் எல்லை, அங்கே அமைப்பு மதில் மேல் பூனை. சின்னத் தள்ளு போதும், முனைவுத் திசை (நேர், எதிர் மின்னூட்ட மையங்கள் விலகி நிற்கும் திசை) புரண்டுவிடும், பீசோ விளைவு உச்சத்துக்குப் போவதும் அங்கேதான். 1999இல் சின்க்ரோட்ரான் (துகள் முடுக்கி) தரும் மிகச் செறிவான எக்ஸ்ரே வைத்துப் பார்த்தபோது அந்த எல்லையில் சமச்சீர் இன்னும் குறைந்த மோனோகிளினிக் அமைப்பு ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது. அதில் முனைவு ஒரு தளத்துக்குள் முகத்துக்கும் மூலைக்கும் இடையே சுழலலாம்.

சரி, 52:48 கலந்து படலமாகப் பூசிவிட்டால் முடிந்ததா? இல்லை. சிக்கலே இங்கேதான் ஆரம்பம்.

[திரையில்: சிலிக்கான் தகடு, அதன்மேல் பிளாட்டினம், அதன்மேல் படலம்.]

கரைசலை அடுக்கடுக்காகப் பூசி, சுமார் 650 டிகிரியில் சுட்டுப் படிகமாக்குகிறார்கள். ஆறும்போது படலம் சிலிக்கானைவிட அதிகம் சுருங்கப் பார்க்கும், தடித்த சிலிக்கான் விடாது. படலம் இழுபட்ட நிலையிலேயே உறைகிறது, கூட்டின் நீண்ட பக்கம் பல இடங்களில் நிமிர்ந்து நிற்காமல் படுத்துக்கொள்கிறது. அதே படலத்தை வெப்பத்தில் நன்றாக விரியும் மெக்னீசியம் ஆக்சைடு தகட்டின்மேல் வளர்த்தால், ஆறும்போது அது நெருக்கப்பட்டு நீண்ட பக்கம் நிமிர்கிறது. ஒரே வேதியியல், கீழே இருக்கும் தகடு மட்டும் வேறு! போதாததற்கு, மின்புலம் கொடுத்தாலும் படலம் பக்கவாட்டில் சுருங்க முடியாது, அதனால் உயரத்தில் காட்டும் அசைவும் குறைகிறது. கட்டியான பீங்கானில் வோல்ட்டுக்கு 220 பிக்கோமீட்டர் அளவுக்கு அசையும் இதே கலவை, படலத்தில் பெரும்பாலும் 60 முதல் 130 வரைதான் காட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. சுடும்போது டைட்டானியம் அதிகமுள்ள கலவைதான் முதலில் படிகமாகிறது. படிகமாவது அடியிலிருந்து தொடங்குவதால் டைட்டானியம் கீழேயும் சிர்க்கோனியம் மேலேயும் ஒதுங்குகின்றன. சராசரியாக 52:48 சரியாகவே வரும், ஆனால் படலத்துக்குள் ஒரு மெல்லிய பட்டை மட்டுமே உண்மையில் அந்த எல்லையில் இருக்கும், மற்றதெல்லாம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விட்டிருக்கும். தீர்வு எளிமையானது, கொஞ்சம் குறும்பானதும்கூட: ஒவ்வொரு சுடலுக்கும் முன்பு பூசும் அடுக்குகளில், அடியில் போவதில் சிர்க்கோனியத்தை வேண்டுமென்றே அதிகமாகவும் மேலே போவதில் குறைவாகவும் வைத்துப் பூசுகிறார்கள். சுடும்போது நடக்கும் ஒதுங்கல் இந்தத் தலைகீழ் ஏற்பாட்டைச் சமன் செய்து விகிதம் படலம் முழுக்க ஏறக்குறைய ஒன்றாகிவிடும், பீசோ மதிப்பும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏறும்.