ஏன் இத்தனை நாள்?

அவைக்குத் தலைமை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மாவட்டச் சமூகநல அலுவலர் அவர்களே, நீதிமன்றத்திலிருந்து நேராக மேடைக்கு வந்த வழக்கறிஞர் சகோதரி அவர்களே, வருடம் தவறாமல் இந்தக் கூட்டத்தை நடத்தும் வாசகர் வட்டத் தம்பிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, மாணவிகளே, அனைவருக்கும் வணக்கம். போன வருடம் எனக்குப் பொன்னாடை போர்த்திய ஐயா உடல்நலம் இல்லாததால் இன்று வரவில்லை. அவர் சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும் என்று உங்கள் எல்லோர் சார்பிலும் வேண்டிக்கொள்கிறேன்.

இரண்டு விஷயம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். பாலியல் துன்புறுத்தல் பற்றிப் புகார் கொடுக்கும் பெண்ணைச் சமூகம் பார்க்கும் பார்வை எப்படி மாறியது, சட்டம் எங்கே நிற்கிறது.

என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு என் பழமொழியும் தெரியும். ஏழை சொல் அம்பலம் ஏறாது. ஏழை என்றால் காசில்லாதவர் மட்டும் இல்லை. பெரிய அகராதியைப் புரட்டிப் பாருங்கள், பெண் என்றும் ஒரு பொருள் போட்டிருக்கும். அந்த அர்த்தத்தில் படித்தால் பழமொழி இன்னும் சுடும்.

1988இல் ஒரு விருந்தில் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தன்னிடம் அத்துமீறினார் என்று ரூபன் தியோல் பஜாஜ் புகார் கொடுத்தார். அவர் ஏழை இல்லை, ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஆனாலும் உயர்நீதிமன்றம் இது அற்ப விஷயம் என்று வழக்கையே ரத்து செய்தது. 1995இல் உச்சநீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. தண்டனை கடைசியாக உறுதியானது 2005இல். பதினேழு வருடம்! ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவிக்கு 1992இல் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை உங்களுக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கீழ்நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் கொடுமைக்குப் பிறகு பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு, அதாவது வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்சநீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்த தீர்ப்பு வந்தது. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்புக்கு அடித்தளம் அந்தக் கிராமத்துப் பெண்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முப்பத்தைந்து வருடம் இருக்கும். நான் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். எங்களோடு ஒரு தங்கை, டைப்பிஸ்ட். கைக்குழந்தைக்காரி. பெரிய அதிகாரி சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல்தான் அவளை டிக்டேஷனுக்குக் கூப்பிடுவார். ஒருநாள் அவள் தன் மெஷினையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டுவந்து வராந்தாவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மழைச்சாரல் அடிக்கும், தாள் பறக்கும், பேப்பர்வெயிட்டை வைத்துக்கொண்டு அங்கேயேதான் அடிப்பாள். அவளுக்குத் திமிர் என்று பேசினோம். பேசினோம் என்றுதான் சொல்கிறேன், நானும்தான்.

அப்புறம் ஒரு நாள் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்த ஒரு கடிதத்தோடு என் மேஜைக்கு வந்தாள். நடந்த நாட்கள் ஐந்தையும் தேதி போட்டு எழுதியிருந்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை. “அக்கா, முத்திரை போட்டு ஒரு காப்பி குடுங்க, நான் வச்சுக்கறேன்” என்றாள். முதல் தேதியைப் பார்த்தேன், எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் கேட்டது என்ன தெரியுமா? “ஏம்மா இத்தனை நாளா சொல்லல?” அவள் என்னைப் பார்த்தாள். “சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்கக்கா?”

அன்று நான் முத்திரை போடவில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் போட்டேன். கேன்டீனில் ஒருவர் ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா என்றார். சிரித்தவர்களில் பெண்களும் உண்டு. நான் சிரிக்கவில்லை, ஆனால் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தும் போகவில்லை. ஒரு மாதத்தில் அவளுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற ஊருக்கு மாற்றல். அதிகாரி ஓய்வுபெற்றபோது மாலை, மரியாதை, பிரிவுபசார விழா. அதற்கு நான் ஐம்பது ரூபாய் கொடுத்தேன். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்கிறோமே, ஏறவிடாமல் படியிலேயே நின்று மறித்தவர்களில் நான் ஒருத்தி.

2021 பிப்ரவரியில் அவள் எனக்கு போன் செய்தாள். “அக்கா, பேப்பர் பார்த்தீங்களா?” முன்னாள் மத்திய இணையமைச்சர் எம்.ஜே. அக்பர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல் அக்பர் போட்ட அவதூறு வழக்கில் ரமணியை விடுதலை செய்த டெல்லி நீதிமன்றம், பல பத்தாண்டுகள் கழித்தும் ஒரு பெண் தன் குறையை வெளியே சொல்ல உரிமை உண்டு என்று சொல்லியிருந்தது. ரமணி சொன்ன சம்பவம் நடந்தது 1993இல், அக்பரின் பெயரை அவர் வெளியே சொன்னது 2018இல். என் தங்கை அந்த கார்பன் பிரதியை இன்னும் வைத்திருக்கிறாள்.

நம் தமிழ்நாட்டிலும் பார்த்தோம். அதே 2021இல் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, சிறப்பு டி.ஜி.பி. மேல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்டார். வழியில் சுங்கச்சாவடியில் போலீஸே அவர் காரை மறித்தது. ஆனால் 2023இல் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டி.ஜி.பி.க்கு மூன்று வருடம் சிறைத்தண்டனை விதித்தது. பார்வை மாறுகிறது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் சட்டம்? 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். அவ்வளவுதான். நான் அன்று கேட்ட அதே கேள்வியைச் சட்டம் இன்றும் கேட்கிறது. 2025 செப்டம்பரில் மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மேல் பேராசிரியை கொடுத்த புகார் காலம் கடந்தது என்று உச்சநீதிமன்றமே சொல்ல வேண்டிவந்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நீதிபதிகளின் மனசு எங்கே நின்றது, சட்டம் அவர்களை எங்கே நிறுத்தியது என்று பாருங்கள். சட்டப் பல்கலைக்கழகப் பேராசிரியைக்கே ஆறு மாதம் போதவில்லை. வேலை போனால் அடுத்த வேளைச் சோறு இல்லாத பெண்ணுக்கு எப்படிப் போதும்? மேலே இருப்பவரின் கையில்தான் அவளுடைய சம்பளமும் மாற்றலும் இருக்கின்றன. அவர் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அவள் வாய் திறக்கமாட்டாள்.

இந்தக் காலக்கெடுவை எடுக்க வேண்டும். குறைந்தது மூன்று வருடமாக்க வேண்டும். அதற்கான மனு வாசலில் இடதுபக்க மேஜையில் இருக்கிறது. பெயரும் ஊரும் தெளிவாக எழுதுங்கள்.

சமூகநல அலுவலர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துப் பெண்கள், வீட்டுவேலை செய்பவர்கள், முதலாளி மேலேயே புகார் உள்ளவர்கள் எல்லாம் போகவேண்டிய இடம் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழு. அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதன் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் எழுதி வைக்கச் செய்யுங்கள் அம்மா. பெயின்ட் செலவை எங்கள் வட்டம் ஏற்றுக்கொள்ளும், தம்பிகளிடம் பேசிவிட்டேன்.