தெரியாத காய் வீட்டுக்கு வந்தா ரெசிபி தேடாதீங்க, முதல்ல இதைச் செய்யுங்க

வணக்கம். பக்கத்துல விளையறதையே வாங்கிச் சாப்பிடணும்னு முடிவு பண்ணவங்களுக்கான வீடியோ இது. அப்படி முடிவு பண்ணா முதல் வாரமே ஒரு சிக்கல் வரும். வழக்கமா சமைக்கிற காய் எல்லா மாசமும் கிடைக்காது, அந்தப் பருவத்துல எது விளையுதோ அதுதான் கூடையில இருக்கும். அதுல பாதி நமக்குப் பழக்கமே இல்லாததா இருக்கும். பேர் தெரியாத கீரை, மண்ணு ஒட்டின கிழங்கு, தோல் தடிச்ச பூசணி, தவிடு நீக்காத தானியம்.

உடனே ஃபோனை எடுத்து ரெசிபி தேடத் தோணும். ரெசிபி கடைசியில பாத்துக்கலாம். அந்தப் பொருள் தண்ணியில எப்படி நடந்துக்குது, எண்ணெய்ல எப்படி, எவ்வளவு நேரத்துல வேகுது, இது தெரிஞ்சாலே போதும். ஏற்கெனவே உங்களுக்குத் தெரிஞ்ச சமையல்ல அது எதுல சேரும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

வாங்கும்போதே விளைவிச்சவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க. இதுல எந்தப் பாகத்தைச் சாப்பிடணும்? பச்சையா சாப்பிடலாமா, கட்டாயம் வேக வைக்கணுமா? உங்க வீட்டுல இதை எப்படிச் சமைப்பீங்க? இரண்டாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். ஏன்னா சில பொருள் பச்சையா வாயில வைக்கவே கூடாது.

அந்தப் பாதுகாப்பு விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். சேப்பங்கிழங்கு வகையில கால்சியம் ஆக்சலேட் ஊசி மாதிரி படிகமா இருக்கும். அதான் தொண்டையும் கையும் அரிக்கிறதுக்குக் காரணம். தோல் சீவுறப்போ கை உலர்ந்திருக்கணும், கொஞ்சம் எண்ணெய் தடவிக்கணும். நடுவுல குத்திப் பாத்து முழுசா வெந்திருந்தாத்தான் சாப்பிடணும். மரவள்ளியில சயனைடை உண்டாக்குற பொருள் இருக்கு, கசப்பு ரகத்துல அது அதிகம். தோலையும் உள்தோலையும் உரிச்சு, சின்னதா வெட்டி, நிறைய தண்ணி விட்டு மூடாம வேக வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. கசப்பு ரகம்னா இது மட்டும் போதாது, அதைப் பதப்படுத்தத் தெரிஞ்சவங்ககிட்ட கத்துக்காம தொடாதீங்க.

சுரைக்காய், வெள்ளரி, பூசணி, சுக்கினி எதுவா இருந்தாலும் வெட்டினதும் ஒரு சின்னத் துண்டை நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடுங்க. நல்லா கசந்துதுன்னா முழுக் காயையும் தூக்கிப் போட்டுடணும். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் சமைச்சாலும் போகாது. மசாலா போட்டு மறைச்சுச் சாப்பிட்டா கடுமையான வயித்துப்போக்கு வரும். பாகற்காய் கசப்பு வேற, அதை இதோட குழப்பிக்க வேண்டாம். காட்டுல பறிச்ச காளான்னா, அதை நல்லா அடையாளம் தெரிஞ்சவங்க நேர்ல பாத்துச் சொல்லாம வாங்காதீங்க. ஃபோட்டோவை வெச்சு முடிவு பண்ணவே கூடாது. உயிரை எடுக்குற சில நச்சு கொதிக்க வெச்சாலும் அழியாது, அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகும்.

சரி, இப்ப அடுப்புக்கு வருவோம். புதுக் காயை மொத்தமா சமைச்சிடாதீங்க. 150 கிராம் எடுத்து ஒரே அளவு துண்டா வெட்டி மூணு பங்கா பிரிங்க. ஒண்ணைக் கொதிக்கிற உப்புத் தண்ணியில போடுங்க. ஒண்ணை எண்ணெய்ல மூடாம வதக்குங்க. ஒண்ணை ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி வேக விடுங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு துண்டு எடுத்துக் கடிச்சுப் பாருங்க, நேரத்தை எழுதி வைங்க. கட்டாயம் வேக வைக்கணும்னு சொன்ன பொருளை மட்டும் கடிக்காம குத்திப் பாருங்க, முழுசா வெந்த பிறகுதான் வாயில வைக்கணும். கால் மணி நேரத்துல அந்தக் காயைப் பத்தித் தேவையானது தெரிஞ்சிடும். தண்ணி விடுதா, நார் இருக்கா, கசப்பு தண்ணியில இறங்குதா, வதக்கினா இனிப்பு ஏறுதா. உப்பைக் கைக்கணக்குல போடாம எடையில 1 சதவீதம்னு வைங்க, அதாவது 500 கிராம் காய்க்கு 5 கிராம். புதுப் பொருளோட சுவை உப்பு மாறி மாறி விழுந்தா பிடிபடாது.

கீரை. தண்டையும் இலையையும் பிரிக்காம ஒண்ணா போடுறதுலதான் பெரும்பாலும் கெட்டுப்போகுது. தண்டு வேகுறதுக்குள்ள இலை குழைஞ்சிடும். 250 கிராம் கீரைக்கு 2 லிட்டர் தண்ணி, 20 கிராம் உப்பு. தளதளன்னு கொதிக்கிறப்போ தண்டை முதல்ல போட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு இலையைப் போடுங்க. இளசுன்னா அரை நிமிஷம், முத்தின இலைன்னா மூணு நாலு நிமிஷம். உடனே ஐஸ் தண்ணிக்கு மாத்திப் பிழிஞ்சிடுங்க. கசப்புக் கீரையா இருந்தா இதுலயே பாதிக் கசப்பு தண்ணியோட போயிடும். எலுமிச்சையோ புளியோ சேர்க்கணும்னா இறக்கினதுக்கு அப்புறம்தான். புளிப்பும் சூடும் சேர்ந்தா பச்சையம் தன்னோட மக்னீசியத்தை இழந்து கீரை பழுப்பாயிடும். பாத்திரத்தை மூடி வேக வெச்சாலும் இதேதான், இலையிலேருந்து வர்ற அமிலம் வெளியே போக வழி இல்லாம உள்ளேயே நிக்கும்.

கிழங்கை மட்டும் பச்சைத் தண்ணியில போட்டு அடுப்புல ஏத்துங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா வெளிப்பக்கம் குழைஞ்சு நடுவுல கல்லா நிக்கும். பூசணி வகை தண்ணி அதிகம் உள்ளது, அதுக்கு ஓவன்தான் சரி. 1 கிலோவுக்கு 10 கிராம் உப்பு, 30 மில்லி எண்ணெய், 220 டிகிரி, 30லேருந்து 35 நிமிஷம். துண்டுகள் ஒண்ணை ஒண்ணு தொடாம ஒரே அடுக்கா இருக்கணும். நெருக்கிப் போட்டா ஆவியிலேயே வெந்து சொதசொதன்னு ஆயிடும், நிறம் வராது. ஓவன் இல்லைன்னா அகலமான வாணலியில அஞ்சு நிமிஷம் மூடி வெச்சு, அப்புறம் திறந்து தண்ணி முழுக்க வத்துற வரைக்கும் கிளறாம விடுங்க. கிளறிக்கிட்டே இருக்கிறதாலதான் அடி பிடிச்சுச் சிவக்க மாட்டேங்குது.

இப்ப பயறு. இங்க கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா எத்தனை மணி நேரம் வெச்சாலும் வேகலைங்கிற குறை இதுலதான் அதிகம். காரணம் பெரும்பாலும் மூணுல ஒண்ணு. பயறு ரொம்பப் பழசு. இல்ல, தண்ணி கடினத்தண்ணி, அதாவது அதுல கால்சியம் அதிகம். இல்ல, தக்காளியையோ புளியையோ முன்னாடியே போட்டுட்டீங்க. பயறோட செல்களை ஒட்டி வெச்சிருக்கிறது பெக்டின். கால்சியமும் புளிப்பும் அதை இளக விடாது. அதனால பயறு விரலால நசுங்குற அளவுக்கு வெந்ததுக்கு அப்புறம்தான் புளிப்பு.

ஊற வைக்கிற தண்ணியில 1 லிட்டருக்கு 15 கிராம் உப்பு போடுங்க. உப்பு போட்டா வேகாதுன்னு சொல்றதை நம்ப வேண்டாம். சோடியம் தோல்ல இருக்கிற கால்சியத்தோட இடத்தைப் பிடிச்சுக்கும், தோல் வெடிக்காம மெத்துன்னு வேகும். 8 மணி நேரம் ஊறினதும் அந்தத் தண்ணியைக் கொட்டிக் கழுவிடுங்க. அப்பவும் வேகலைன்னா 1 லிட்டர் தண்ணிக்கு கால் ஸ்பூன் சமையல் சோடா. அதுக்கு மேல போட்டா சோப்பு வாசனை வரும், பயறு கூழாயிடும்.

ராஜ்மா வகை வாங்கியிருந்தா இதைக் கட்டாயம் கவனிங்க. அதுல இருக்கிற லெக்டின்ங்கிற நச்சுப் புரதம் பச்சையா, அரைவேக்காடா வயித்துக்குள்ள போனா சில மணி நேரத்துல வாந்தி எடுக்க வைக்கும். ஊறின தண்ணியைக் கொட்டி, புதுத் தண்ணியில 30 நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும். பிரஷர் குக்கர்னா பயமில்லை. மெதுவா வேக வைக்கிற ஸ்லோ குக்கர்ல நேரடியா போடாதீங்க, சூடு 100 டிகிரியைத் தொடாம 80 பக்கம் நின்னா நச்சு குறையுறதுக்குப் பதிலா கூடிடும்.

தவிடு நீக்காத தானியத்துக்கு இத்தனை பங்கு தண்ணின்னு கணக்குப் பாக்காதீங்க. தவிடு தண்ணியைச் சுலபமா உள்ள விடாததால ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு அளவு குடிக்கும். ராத்திரி ஊற வெச்சு, 1 பங்குக்கு 6 பங்குன்னு தாராளமா கொதிக்கிற தண்ணியில போட்டு (மீதியைக் கடைசியில வடிச்சிடுவோம்), 20 நிமிஷத்துலேருந்து கடிச்சுப் பாருங்க. முழுக் கோதுமை மாதிரி கெட்டியானதுக்கு ஊறின பிறகும் 30, 40 நிமிஷம் ஆகும். வெந்ததும் வடிச்சு, மூடி 10 நிமிஷம் விடுங்க. அந்த 10 நிமிஷம்தான் ஒட்டாம உதிரியாக்குது.

பருவத்துல ஒரே காய் நிறைய வந்து சேரும். நறுக்கின முட்டைக்கோஸ் 1 கிலோவுக்கு 20 கிராம் உப்பு போட்டுத் தண்ணி விடுற வரைக்கும் பிசைஞ்சு, ஜாடியில அமுக்கி, காய் தண்ணிக்கு மேல தலை நீட்டாம எடை வெச்சு அமுக்குங்க. 20 டிகிரி பக்கம் ரெண்டு மூணு வாரத்துல புளிச்சிடும், சூடு அதிகமான இடத்துல சீக்கிரம் புளிச்சுக் குழைஞ்சிடும். மேல மெல்லிசா வெள்ளை ஏடு படிஞ்சா எடுத்துடலாம். பச்சையா, கறுப்பா, பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தா முழுசும் குப்பைக்கு. அப்புறம், வெறும் காயை வேக வெச்சு பாட்டில்ல அடைச்சு வெளியில வைக்காதீங்க. அமிலம் குறைவா, பிஹெச் 4.6க்கு மேல இருக்கிற எதுலயும் காத்து இல்லாத இடத்துல போட்டுலிசம்ங்கிற உயிரையே எடுக்கக்கூடிய நோயைத் தர்ற கிருமி வளந்து நச்சு உருவாகலாம், சாதாரண கொதியில அந்தக் கிருமியோட வித்து சாகாது. எண்ணெய்ல போட்ட பச்சைப் பூண்டுக்கும் இதே ஆபத்துதான்.

ஃபிரீசர் சுலபம். பீன்ஸைக் கொதிக்கிற தண்ணியில 3 நிமிஷம், ஐஸ் தண்ணியில 3 நிமிஷம் போட்டு, நல்லா துடைச்சு, தட்டுல பரப்பி உறைய வெச்சு அப்புறம் பையில அடைங்க. வெந்நீர்ல போடாம வெச்சா நொதிகள் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், நிறமும் மணமும் போயிடும். பையில பேரு, தேதி, எத்தனை நிமிஷம் வெந்நீர்ல இருந்ததுன்னு எழுதி ஒட்டுங்க. எடுத்துச் சமைக்கும்போது அந்த நிமிஷத்தை மொத்த நேரத்துல கழிச்சுக்கணும், இல்லைன்னா குழைஞ்சிடும்.