சங்கு நின்ற பிறகு

வணக்கம் நேயர்களே. நிலக்கரியைக் கைவிடும்போது தொழிலாளர் கதி என்ன என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். மட்டக்களப்பில் ஏது நிலக்கரி என்பீர்கள். சுரங்கமும் இல்லை, அனல்மின் நிலையமும் இல்லை, சரிதான். ஆனால் ஆலை மூடினால் ஊர் என்னாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நான் வேலை செய்த ஆலையின் பெயர் வேண்டாம். வாசலுக்கு எதிரே ஒரு காக்காவின் தேத்தண்ணிக் கடை. இரண்டு மணிச் சங்கு ஊதுவதற்கு முன்பே கேத்தலில் தண்ணீர் கொதிக்கும். ஆலை மூடிய பிறகும் சில மாதம் அதே நேரத்துக்குக் கொதித்தது. பழக்கம், வேறென்ன? எங்களுக்கு நட்டஈடு வந்தது. காசோலையோடு போய்க் கடையில் குந்தினேன்.

"தம்பி, எனக்கும் ஏதும் வருமோ?"

"உங்கட பேர் பட்டியலில இல்லையே காக்கா."

அவர் கடன் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "என்ட பட்டியலில உங்கட எல்லாற்ற பேரும் இருக்கு."

என் பெயரும் இருந்தது. அன்றே கொடுத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்!

ஜெர்மனியின் ரூர் பகுதியில் சுரங்கங்களை மூடுவதென்று 2007இல் முடிவெடுத்தார்கள். கடைசிச் சுரங்கம் மூடியது 2018 டிசம்பரில். பதினொரு வருட அவகாசம்! வயது போனவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு, இளையவர்களுக்கு வேறு தொழில். கடைசி நிலக்கரித் துண்டை ஜனாதிபதியின் கையிலேயே கொடுத்தார்கள். பிரித்தானியாவிலோ 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் மளமளவென்று மூடினார்கள். பல சுரங்க ஊர்கள் நெடுங்காலம் எழும்பவேயில்லை. பிறகு 2020இல் ஜெர்மனி, 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவதென்று சட்டம் போட்டது. கூடவே நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. தொழிலாளிக்கு மட்டுமில்லை, ஊருக்கு. நம் காக்காவுக்கும் என்று வையுங்களேன்.

நுரைச்சோலையைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்: 900 மெகாவோட், நாட்டின் ஒரே நிலக்கரி மின் நிலையம். சம்பூரில் இன்னொரு நிலக்கரி மின் நிலையம் கட்டும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இனிப் புதிதாகக் கட்டுவதில்லை என்று 2021இல் இலங்கை உறுதி சொன்னது. ஆகவே நுரைச்சோலையும் ஒருநாள் நிற்கும். அதன் வாசலிலும் தேத்தண்ணிக் கடை இருக்கும். அந்தப் பெயர்களை இப்போதே எழுதி... சரி தம்பி, முடித்துவிட்டேன். நன்றி, வணக்கம்.