திண்ணையா, திறந்த கதவா?

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வீடுகளில் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் யாரும் உட்காரலாம், மழைக்கு ஒதுங்கலாம். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டின் தெருக்கதவு திறந்து கிடக்கிறதே என்று நேரே சமையலறைக்குப் போய்விட முடியுமா? தாங்கள் எழுதிய கணினி நிரலின் மூல வடிவத்தை, அதாவது மூலநிரலை, இணையத்தில் போட்டு வைக்கும் பலர், திண்ணை கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நானும் அப்படி இருந்தவன்தான். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு என்ற ஒருங்குறி பரவாத காலத்தில், தமிழ் எழுத்தைக் கணினியில் பதிந்து வைக்கும் குறியாக்கங்கள் எத்தனை! பாமினி, டாப், டாம், டிஸ்கி. ஒன்றில் அடித்தது இன்னொன்றில் திறந்தால் கிறுக்கலாக வரும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டேன். மனதில்தான் அப்படி நினைத்தேன், எங்கும் எழுதவில்லை. ஒரு நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: “ஐயா, எங்கள் நூற்பட்டியலை மாற்ற உங்கள் நிரலைப் பயன்படுத்தலாமா? எழுத்தில் அனுமதி இருந்தால்தான் இங்கே ஒத்துக்கொள்வார்கள்.” அது நான் பார்ப்பதையே விட்டுவிட்ட முகவரி. எட்டு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அதற்குள் அவர்கள் ஆள் வைத்து முழுப் பட்டியலையும் மறுபடி தட்டச்சு செய்து முடித்திருந்தார்கள்.

நூலகர் கேட்டது சரிதான். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு. நாவலும் நிரலும் ஒரே வரிசை. (சில நிரல்கள் மர்ம நாவல் மாதிரியே இருக்கும், அது வேறு விஷயம்.) பதிவு செய்ய வேண்டாம், முத்திரை வேண்டாம், எழுதிய உடனே உரிமை வந்துவிடும். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். நூலகர் என் பேரனிடம் போய்க் கேட்க வேண்டியிருந்திருக்கும்!

அதனால்தான் சொல்கிறேன், திண்ணை என்றால் திண்ணை என்று எழுதி வையுங்கள். அந்த எழுத்துதான் லைசென்ஸ், தமிழில் உரிமம்.

“ஏதோ ஒரு துண்டுக் காகிதம், அதை யார் மதிப்பார்கள்?” என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பொம்மை ரயில் வழக்கு. ராபர்ட் ஜேக்கப்சன் என்று ஓர் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர். பொம்மை ரயில் ஓட்டுவதில் அவருக்குப் பைத்தியம். நம்மூர்ப் பிள்ளைகள் சாவி கொடுத்து ஓட்டுகிற ரயில் இல்லை. எஞ்சினுக்குள்ளேயே ஒரு சில்லு இருக்கும், கணினியிலிருந்து அதற்குக் கட்டளை போகும். அதற்கான மென்பொருளை அவரும் நண்பர்களும் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதியவர் பெயரை அழிக்காதீர்கள், என்ன மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள், இவ்வளவுதான் நிபந்தனை. ஒரு நிறுவனம் அதிலிருந்து சில கோப்புகளை எடுத்து, பெயர்களை நீக்கிவிட்டுத் தன் மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. கீழ்நீதிமன்றம், இது வெறும் ஒப்பந்த மீறல் என்று சொல்லித் தடை விதிக்க மறுத்தது. இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு ஒப்பந்த மீறல் என்றால் நஷ்டம் எவ்வளவு என்று காட்டுவது? பூஜ்யம்தானே! 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. காசு வாங்காமல் கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் பதிப்புரிமை மீறலாகும் என்றது. 2010இல் சமரசம். பொம்மை ரயில்தான், ஆனால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று மென்பொருளைக் கொடுக்கும் உலகத்துக் கட்டற்ற மென்பொருள்காரர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த வழக்கு.

சரி, ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் உரிமங்களில் எதைப் போடுவது? எம்ஐடி லைசென்ஸ் ஒரு பக்கம்கூட வராது: என் பெயரையும் இந்த அனுமதி வாசகத்தையும் விட்டுவைத்தால் போதும், மற்றபடி உங்கள் இஷ்டம். ஜிபிஎல் கொஞ்சம் கண்டிப்பு: இதை மாற்றி ஊருக்குக் கொடுத்தால், மாற்றியதையும் மூலநிரலோடு இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். இரண்டிலுமே, நிரல் பிழையாக ஓடினால் எழுதியவர் பொறுப்பில்லை என்ற பாதுகாப்பு உண்டு. தயவுசெய்து சொந்தமாக லைசென்ஸ் எழுதாதீர்கள். நிரல்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் என்ற வடிவத்தை உருவாக்கிய டக்ளஸ் கிராக்ஃபோர்ட், தன் உரிமத்தில் “நல்லதுக்கு மட்டும் பயன்படுத்து, கெட்டதுக்குக் கூடாது” என்று ஒரு வரி சேர்த்தார். எது நல்லது என்று யார் முடிவு செய்வது? கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் குழு அந்த உரிமத்தைக் கட்டற்றதாக ஏற்கவில்லை.

செய்முறை அரை நிமிட வேலை. திட்டத்தின் முதல் கோப்புறையில் லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு. அதில் உரிமத்தின் வாசகம் எழுத்து மாறாமல். எம்ஐடி என்றால் ஆண்டும் உங்கள் பெயரும் மட்டும் நிரப்புங்கள். நிரல்களைப் போட்டு வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லையாம். பலர் சேர்ந்து எழுதிய நிரலைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக: மற்றவர்கள் எழுதிய பகுதிக்கு அவர்களைக் கேட்காமல் நீங்கள் உரிமம் போட முடியாது. அப்புறம் ஒன்று, வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி முதல் உரிமையாளர் உங்கள் முதலாளி. திண்ணை கட்டுவதற்கு முன் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.