பேய் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் வீட்ட விட்டு ஓடல?

(செந்தூல் ஃபிளாட் காரிடார், ராத்திரி, டியூப் லைட் ஒண்ணு மட்டும்)

வணக்கம் மக்களே! பேய் படம் பாக்குறப்போ நம்ம வீட்ல எல்லாரும் டிவிய பாத்து கத்துற ஒரே கேள்வி, "ஏன்யா இன்னும் அந்த வீட்லயே இருக்க, கதவ தொறந்துகிட்டு ஓடேன்!" இந்த கேள்விக்கு ஒரு படம் பதில் சொல்லியிருக்கு. அந்த பதில் பேய விட பயங்கரம்.

படம் பேரு 'ஹிஸ் ஹவுஸ்', 2020, நெட்ஃபிளிக்ஸ், டைரக்டர் ரெமி வீக்ஸோட முதல் முழுநீளப் படம். தெற்கு சூடான் சண்டைல தப்பிச்சு, வழியில ஒரு சின்ன பொண்ண கடலுக்கு பறிகொடுத்துட்டு இங்கிலாந்து வந்து சேர்ற புருஷன் பொண்டாட்டி, போல், ரியால். பின்கதை அவ்ளோதான், மேல போவோம்.

அரசாங்கம் ஒரு வீடு குடுக்குது. கூடவே கண்டிஷன். வேலைக்கு போகக்கூடாது, குடுத்த வீட்ட விட்டு வேற எங்கயும் தங்கக்கூடாது, மீறினா திருப்பி அனுப்பிடுவாங்க. இப்ப அந்த வீட்டு செவுத்துக்குள்ள இருந்து சத்தம் வருது. எங்க ஓடுவ? போய் ஆபீஸ்ல பேய் இருக்கு சார்னு சொல்லவா முடியும், அங்க இருக்க ஆபீசரே இந்த வீடு என் வீட்ட விட பெருசுன்னு சொன்ன ஆளு. ஓடினா சண்டை நடக்குற ஊரு, இருந்தா பேய். இத விட இறுக்கமா ஒரு பேய் வீட்ட யாரும் கட்டினதா எனக்கு தெரியல.

ஆனா என்ன தூங்க விடாம பண்ணது பேய் வர்ற சீனே இல்ல, சாப்பாட்டு சீன். போல் இனிமே மேசைல உக்காந்து ஃபோர்க்ல சாப்பிடலாம்ங்கறான், இந்த ஊர்க்காரனா மாறணும்னு அவனுக்கு அவ்ளோ வெறி. ரியால் ஒரு வாய் வெச்சுட்டு இரும்பு ருசிதான் வருதுங்கறா. கையால பெசஞ்சு சாப்பிட்டு வளந்த நமக்கு இத யாரும் விளக்கணுமா? அப்புறம் அவன் தனியா உக்காந்து சாப்பிடறான், கேமரா மெல்ல பின்னால போகுது, போகப் போக பாத்தா சமையக்கட்டு இல்ல, மேசையோட அவன் கடல் நடுவுல இருக்கான், அத பாத்துட்டு நான் பாஸ் பண்ணிட்டு எந்திரிச்சு வெளிய போய்ட்டேன்.

அந்த சின்ன பொண்ணு யாருங்கறத சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க.

இதே வரிசைல 2019ல மாட்டி டியோப் எடுத்த 'அட்லாண்டிக்ஸ்', செனகல் படம், கான் திரைப்பட விழால கிராண்ட் பிரி விருது வாங்குச்சு. கடல்ல செத்த பசங்க ஊர் பொண்ணுங்க உடம்புல ஏறி முதலாளிகிட்ட பாக்கி சம்பளத்த கேக்குறாங்க. சம்பள பாக்கிக்காக வர்ற பேய்! எஸ்டேட் தோட்டத்துல வளந்த நம்ம பெருசுங்க உடனே புரிஞ்சுக்குவாங்க.

சரி, இத ஏன் கோலாலம்பூர்ல உக்காந்து பேசறேன்? செலாயாங் பாசார் போரோங், அந்த மொத்த மார்க்கெட்ல, விடியக்காலைல காய்கறி கூடை தூக்குற ரோஹிங்கியா ஆளுங்கள, மியன்மார்லருந்து தப்பிச்சு வந்த அகதிங்கள, பாத்திருப்பீங்க. 1951 அகதிகள் ஒப்பந்தத்துல மலேசியா கையெழுத்து போடல, அதனால இவங்கள அகதின்னு இங்க சட்டம் ஏத்துக்கறதில்ல. போல், ரியாலுக்காவது கையில ஒரு வீட்டு சாவி இருந்துச்சு.

இன்னொண்ணு எங்க வீட்டு கதை. ஜப்பான்காரன் காலத்துல, 1943ல, எங்க பாட்டியோட அண்ணன தோட்டத்துலருந்து சயாம், அதான் தாய்லாந்துலருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட லாரில ஏத்திட்டு போனாங்க. 415 கிலோமீட்டர் தண்டவாளம், ஆயிரக்கணக்குல நம்ம ஆளுங்க அங்கயே போய்ட்டாங்க. இவர பத்தி சேதியே இல்ல, உடம்பும் இல்ல, அதனால கருமாதியும் பண்ணல. தீபாவளிக்கு செத்தவங்களுக்கு படையல் போடறப்போ பாட்டி அவருக்கு மட்டும் இலை போட மாட்டாங்க. அடுப்பு பக்கத்துல ஒரு மங்குல, அதான் கிண்ணத்துல, சோறும் ஆட்டுக்கறியும் போட்டு மூடி வெப்பாங்க, "வந்தா பசியோட வருவான்". சின்ன வயசுல அந்த மங்க பாத்தாலே எனக்கு பயம், ராத்திரி தண்ணி குடிக்க கூட அந்த பக்கம் போக மாட்டேன். ரியால் அந்த வீட்ல பேயோட உக்காந்து பேசற சீன் வந்தப்போ எனக்கு அந்த மங்குதான் ஞாபகம் வந்துச்சு.

உங்க வீட்லயும் சயாமுக்கு போய் திரும்பாத ஒருத்தர் இருந்தா கமெண்ட்ல போடுங்க, கதை தெரியலன்னாலும் பரவால்ல, பேர் மட்டும் போடுங்க. எங்க வீட்டு பேர முதல் ஆளா நான் போட்டு வெக்கிறேன்.